தடம் பதியாத கை

தொட்டில் கட்டிய அன்றைக்கு வளவில் இருந்தவர்கள் இவர்கள்: வாசல் வீட்டுக் குருசாமி, அவர் மனைவி பேச்சியம்மாள், இரண்டாம் வீட்டில் சித்திரை விஷுவுக்கு மலைக்குப் போக மாலை போட்டிருந்த சுப்புராஜ், அவன் மனைவி கோமதி, அவனைப் பெற்ற வள்ளிமயில், மூன்றாம் வீட்டில் ஒரே தையல் மிஷினை மாற்றி மாற்றி மிதிக்கும் அண்ணன் தம்பி இருவர், நான்காம் வீட்டில் கடலைமிட்டாய்ப் பட்டறை மேஸ்திரி சண்முகக்கனி, அவர் மனைவி, மனைவியின் தங்கை, கடைசி வீட்டில் தனியாக இருக்கும் தங்கபுஷ்பம், சாத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார், அவள் புருஷன், விளாத்திகுளத்துச் சித்தி, பிள்ளையின் தகப்பன் இசக்கிராஜ், தாய் சங்கரேஸ்வரி, அப்புறம் தொட்டிலுக்குள் போகவேண்டிய மூன்று மாதப் பெண்பிள்ளை செவ்வந்தி. ஆக மொத்தம் பதினேழு பேர்.

தொட்டிலில் போடுவதற்கு முன்னால் பிள்ளை எல்லார் கைக்கும் ஒரு சுற்று போய்வர வேண்டும், ஒரு கையையும் விடக்கூடாது, விட்டுப்போன கை அதைக் காலத்துக்கும் மனசில் வைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் செவ்வந்தி வாசல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் கைமாறிக் கைமாறிப் போனது. தூக்கியவர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள், உச்சி மோந்தார்கள், யார் ஜாடை என்று சண்டை போட்டார்கள். சங்கரேஸ்வரி சுவரோரம் உட்கார்ந்து பிள்ளை எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தாயில்லாமல் வளர்ந்தவள், எதையும் எண்ணிப் பார்த்துக்கொண்டால்தான் அவளுக்கு மனசு அடங்கும். தன் கையை விட்டுவிட்டு எண்ணினால் பதினைந்து பேர் தூக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டத் துணியை அவிழ்த்தபோது, தூக்கியவர்கள் முந்தின நாள் தின்றது பிள்ளையின் உடம்பில் தடித்திருந்தது. முதுகில் காம்பும் குல்லாயுமாக ஒரு கத்தரிக்காய். வலது தொடையில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரண்டு பரோட்டா, அடுக்கு அடுக்காக எண்ணலாம் போல. வயிற்றில் சுற்றுப் பிசகாத கைமுறுக்கு. தோளில், நடுவில் மேடு தட்டிய வட்டமாக ஒரு அரைவேக்காட்டு முட்டை. பிடரியில் ஜிலேபி. இடுப்பில் கட்டம் கட்டமாக வெட்டிய கடலைமிட்டாய். சிவந்து, சூடாக, ஓரத்தில் நீர் கசிந்து, தொட்டால் மணல்தாள் மாதிரி சொரசொரவென்று. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் தலையை இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டே இருந்தது. சங்கரி ஒவ்வொரு தடிப்பாகத் தொட்டு எண்ணினாள். பதினான்கு வந்தது. திருப்பிப் போட்டு எண்ணினாள். பதினான்குதான். யாரோ தூக்குகிற சாக்கில் தூக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையை நனைந்த வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் பிள்ளையைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரப்பான்தான். கடுமையான கரப்பான். கூடவே சாப்பாடும் ஒத்துக்கலை. இது முறுக்கா?"

"ஆமா சார். எங்க சித்தி."

"கைமுறுக்கா, அச்சா?"

"கைமுறுக்கு சார்."

"ம்" என்று எழுதிக்கொண்டார். "பிள்ளைக்குப் பால் குடுக்கிற வரைக்கும் நீங்களும் பால், முட்டை, கோதுமை, கடலை, மீன் எதுவும் தொடக்கூடாதும்மா. சோப்புப் போடாதீங்க. வெதுவெதுன்னு தண்ணி, ஈரம் காயுறதுக்குள்ள களிம்பு. நகத்தை ஒட்ட வெட்டிக் கையில சாக்ஸ் மாட்டிவிடுங்க. மத்தவங்க தூக்குறதைக் கொறைச்சுக்கங்க." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க வீட்டுல தூக்கிக்க வேற ஆள் இருக்குல்ல? ஒருத்தரா இதைப் பாக்க முடியாதும்மா" என்றார்.

அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிற்பாடு ஒரு நாளும் இறக்கிவைக்கவில்லை.

இசக்கிராஜ் லாரி டிரைவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப எத்தனை நாளாகும் என்று அவனுக்கே தெரியாது. சித்தி விளாத்திகுளம் போய்விட்டாள். ஊரோ கடலைமிட்டாய் ஊர். காற்றில் பாகும் வறுத்த கடலையும் மணக்கும். வளவில் எல்லா வீட்டு வாசலிலும் பட்டறையிலிருந்து வந்த கடலை மூட்டை கிடக்கும். பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள், தொலி பறந்து குழாயடி வரைக்கும் சிவப்பாகப் படியும். சங்கரியும் உடைத்தவள்தான். இப்போது தன் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகி, சோறும் சுரைக்காயும் உப்பும் தேங்காயெண்ணெயும் மட்டும் தின்றுகொண்டு உள்ளே இருந்தாள்.

வளவுக்கு இது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. "அந்த முதுகுல இருக்கே கத்தரிக்கா, அது எங்க வீட்டுது" என்று பேச்சியம்மாள் குழாயடியில் சொன்னாள். தையல்கார அண்ணன் தன் பரோட்டாவில் தம்பியினுடையதைவிட ஓர் அடுக்கு கூட என்றான். சண்முகக்கனி தன் பட்டறை மிட்டாய் எவ்வளவு நேராக வெட்டுப்பட்டிருக்கிறது பாருங்கள் என்று பட்டறை ஆட்களைக் கூட்டிவந்து வாசலில் நின்று காட்டினார். பிறகுதான், தோளில் இருந்த அரைவேக்காட்டு முட்டை யாருடையது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் அவரவர் தின்றதைச் சொல்லிக் கழித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியது மாலை போட்டிருந்த சுப்புராஜ் மட்டும். வள்ளிமயில் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். சுப்புராஜ் அன்றைக்குச் சாயங்காலமே மாலையைக் கழற்றிவிட்டான். பிடரியில் இருந்த ஜிலேபிக்கும் சொந்தக்காரர் கிடைத்தார். அதிலிருந்து பிள்ளைக்கு வேலை வந்துவிட்டது.

"ஏ சங்கரி, ஒரு விரல்தான். சுண்டுவிரல்" என்று பேச்சியம்மாள் புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "இவருக்குச் சக்கரை இறங்க மாட்டேங்கு. கேட்டா ரவைக்கஞ்சி தவிர ஒண்ணும் தொடலைங்காரு. டாக்டருகிட்டயே பொய் சொல்லுத மனுசன்."

"வேண்டாம் மயினி. பிள்ளைக்கு விடிய விடிய அரிக்கும்."

"ஒரு விரலுக்கு எவ்வளவு அரிச்சிரப் போகுது? ஒரு உசுரு பொழைக்குமேட்டி."

ஓர் உயிர் என்றதும் அவளால் கதவை மூட முடியவில்லை. குருசாமி தலையைக் குனிந்துகொண்டு, தூங்கும் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுவிரலால் தொட்டார். காலையில் அங்கே ஒரு சின்ன ஜிலேபியும் பக்கத்தில் ஒரு மைசூர்பாகும் இருந்தன.

"இது அநியாயம்" என்றார் குருசாமி. "மைசூர்பாகு முந்தாநாள் தின்னது. அதையும் சேத்துக் காட்டுனா எப்படி?"

வளவே சிரித்தது. அந்தச் சிரிப்பு கேட்டு அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். மருமகள் பந்திக்கு முந்தியே தின்றுவிடுகிறாளா என்று பார்க்க மாமியார்கள் வந்தார்கள். புருஷன் வேறெங்கோ ஒரு வீட்டில் கை நனைக்கிறானா என்று பார்க்கப் பெண்டாட்டிகள் வந்தார்கள். விரதம் இருந்த பெண் ஒருத்தி, தான் இருந்தது உண்மைதான் என்று நிரூபிக்க வந்து, மறுநாள் காலையில் பதிந்திருந்த ஒரு வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள். எல்லாருக்கும் ஒரு விரல்தான். எல்லாரும் பிள்ளையைப் பார்த்து உச்சுக் கொட்டி, வேப்பிலை கட்டு, மஞ்சளைப் பூசு, நீ மசக்கையில் கரப்பான் பண்டம் எதையோ தின்றிருப்பாய் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு அந்த ஒரு விரல் வீங்கி, அரித்து, கசிந்து, பிள்ளை சாக்ஸோடு தேய்த்துத் தேய்த்துத் தோல் கழன்று, காலையில் விரிப்பை உதறினால் மாவு மாதிரி செதில் கொட்டும். நடுவில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். பிள்ளை சொறியாமல் இருக்க அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மேலே ஊதி ஊதி விட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள் சங்கரி. ஒரு நாள் பேச்சியம்மாள் கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. மறுபடி தட்டியபோது, "இனிமே யாரு விரலும் வேண்டாம் மயினி" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

வளவுக்கு அதில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால் நிம்மதி. ஏனென்றால் அதற்குள் ஒவ்வொருவருக்கும் மறைக்க ஒன்று இருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அந்தப் பிள்ளை தவழ்ந்து வந்து காலைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? குழாயடிக்குப் போகிறவர்கள் சங்கரி வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். அவள் துணி காயப்போட வந்தால் கொடியிலிருந்து தங்கள் துணியை ஒருபக்கமாக ஒதுக்கினார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று யாரும் சொல்லிவைக்காமலே நடந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதை வளவு விட்டுவிட்டது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடக்க முடிந்த காலத்தில் அது நல்ல கேள்வியாக இருந்தது. சொன்னது நிஜம்தானா என்று சோதிக்க ஓர் உடம்பு அதே வளவில் இருக்கும்போது அப்படிக் கேட்பது சட்டையைப் பிடிப்பது மாதிரி ஆகிவிட்டது. அதனால் எல்லாரும் "தண்ணி வந்திருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் வந்ததும் வராததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

இசக்கிராஜ் வருவான். வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிப்பான். ஆனால் அவன் தின்றது குளித்தால் போகிற சாப்பாடு இல்லை. வழிநெடுகத் தின்ற சப்பாத்தியும் முட்டையும் தயிரும் அவன் கையில் எத்தனையோ நாளைக்கு இருந்தன. ஒருமுறை வேறெதுவும் தொடாமல் சங்கரி வடித்த சோற்றையே தின்றுகொண்டு, போர்வையைக் கையில் சுற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான். அப்படியும் விடிந்ததும் அதன் விலாவில் ஆந்திரா எல்லையில் தின்ற ஒரு பெசரட்டுத் தோசை இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "லோடு வந்திருக்காம்" என்று போனை எடுத்துப் பார்த்தான். போன் அடித்திருக்கவே இல்லை. அதிலிருந்து அவன் வருவது குறைந்தது. வந்தாலும் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பிள்ளைக்குத் தூரத்திலிருந்தே விரலைச் சொடுக்கிக் காட்டுவான்.

பிள்ளை வளர்ந்தது. சங்கரி ஒவ்வொரு பண்டமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாள் விட்டு, ஒரு துளி ஒரு துளியாக அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். சோறு ஒத்துக்கொண்டது. சுரைக்காய் ஒத்துக்கொண்டது. பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் குளிக்கப் போனால் பிள்ளையைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவாள்; தலைக்கு ஊற்றும்போது அழுகை கேட்டால் சோப்பு நுரையோடு ஓடிவருவாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ள இருந்தால் போதும். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்: நோய் போகட்டும் என்றுகூட அல்ல, இன்னும் இரண்டு கை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் குழாயடிப் பாசியில் வழுக்கிச் சங்கரி விழுந்தாள். குடம் உருண்டது. அவள் எழுந்திருப்பதற்குள் பிள்ளை வாசற்படியைத் தாண்டித் தவழ்ந்து, சாக்கடை ஓரத்துக்கு வந்துவிட்டது. அவரவர் வாசலில் நின்றவர்கள் "ஏய், ஏய், பிள்ளை" என்று கத்தினார்களே தவிர யாரும் கையை நீட்டவில்லை. கடைசி வீட்டிலிருந்து தங்கபுஷ்பம் ஓடிவந்து, இரண்டு கையாலும் வாரி எடுத்து, ஈர மார்போடு அணைத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டாள்.

"என்ன பதிஞ்சாலும் என்னைத் திட்டாத தாயி" என்றாள்.

தங்கபுஷ்பத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். புருஷன் இன்னொரு குடும்பத்தோடு போனபோது ரேஷன் கார்டும் அவனோடு போய்விட்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, மற்றவர்கள் இரண்டு மூட்டை உடைத்தால் அவள் ஒன்று உடைப்பாள். ஆனால் அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை, அவள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. முன்பெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் மற்றவர்கள் மாதிரி "ஆச்சு" என்று மட்டும் சொல்லமாட்டாள். "இப்பதான் நெய்மீன் கொழம்பு வச்சு ஒரு பிடி பிடிச்சேன்" என்பாள். "கோழியடிச்சேன், மிஞ்சிப்போச்சு, பூனைக்குப் போட்டேன்" என்பாள். "நீ ஒருத்தி இருந்துக்கிட்டு ராணி மாதிரி திங்கே" என்று பேச்சியம்மாள்கூடப் பொறாமைப்படுவாள்.

மறுநாள் காலையில் சங்கரி பிள்ளையின் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு கையும் மார்பும் பட்ட இடத்தில் பழைய சொரசொரப்பு மட்டும் இருந்தது. புதிதாக ஒன்றுமில்லை. நெய்மீன் இல்லை, கோழி இல்லை, மோர்கூட இல்லை. தொட்டில் கட்டிய மறுநாள் பதினைந்துக்குப் பதிலாக ஏன் பதினான்கு என்று அப்போது தெரிந்தது. அன்றைக்கும் யாரும் தூக்காமல் விட்டிருக்கவில்லை. தூக்கிய ஒருத்தியின் வயிற்றில் உப்புப் போட்ட கஞ்சி மட்டும் இருந்தது, அல்லது அதுவும் இல்லை.

சங்கரிக்கு முதலில் வந்தது அழுகையல்ல, சந்தோஷம். பிற்பாடு அவளுக்கு அதுதான் உறுத்தியது.

அன்றைக்கே போய் நின்றாள். "பெரியம்மா, நீங்க தொட்டா என் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யல. நான் குளிக்கிற நேரம் மட்டும் வச்சிருக்கீகளா?"

தங்கபுஷ்பத்தின் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று இவள் கேட்கப்போகிறாளோ என்று வாயையே பார்த்தாள். சங்கரி கேட்கவில்லை. "குடு" என்று தங்கபுஷ்பம் கையை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தாள்.

குளிக்கிற நேரம் என்று ஆரம்பித்தது துணி துவைக்கிற நேரமாயிற்று, கண்ணயர்கிற நேரமாயிற்று, பிறகு முற்பகல் முழுக்க ஆயிற்று. பிள்ளை அந்த மடியில் சொறியாமல் தூங்கியது. தங்கபுஷ்பம் அதன் முதுகில் களிம்பைத் தடவிக்கொண்டே மெட்டில்லாமல் ஏதோ முனகுவாள். அவள் வீட்டு வாசலில் கடலை மூட்டை உடைக்காமல் கிடந்தது. ஒரு மூட்டை உடைத்த கை இப்போது அதில் கால்வாசிதான் உடைத்தது. சங்கரிக்கு அது தெரியாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டில் சோறு போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வரும். கேட்டால் சோறு போடவேண்டும். இன்றைக்குச் சோறு போட்டால் வயிற்றுக்குத் தெம்பு வரும், தெம்பு வந்தால் நாக்குக்கு ஆசை வரும், ஆசை வந்தால் நாளைக்கு ஒரு துண்டுக் கருவாடு, ஒரு வாய் மோர். அந்தக் கை எல்லார் கையும் மாதிரி ஆகிவிடும். வளவே அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, "தண்ணி வந்திருச்சா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடத் திரும்பிக்கொள்வாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், சங்கரி தூங்கி எழுந்து பார்த்தபோது பிள்ளையின் கன்னத்தில், முத்தம் பட்ட இடத்தில், ஒரு தோட்டுக்குள் இரண்டு பருப்பாகப் பச்சைக்கடலை தடித்திருந்தது. கழுத்தில் ஒன்று. கையில் ஒன்று. இதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கிற உடம்பு அன்றைக்குக் காத்திருக்கவில்லை. உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு சீழ்க்கையடிக்க ஆரம்பித்தது. தங்கபுஷ்பம் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு, தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கரி பிள்ளையை வாரிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள்; மூக்கில் குழாய் வைத்தார்கள்; டாக்டர் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "வறுக்காத கடலை" என்று மட்டும் சொன்னார். நான்காம் நாள்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

திரும்பி வந்தபோது வளவு எல்லாம் பேசி முடித்திருந்தது.

"உடைக்கக் குடுத்த கடலையைத் திங்கலாமா?" என்றார் சண்முகக்கனி. "எடை குறையும்போதே நெனச்சேன். மூட்டையைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்."

"தினமும் நெய்மீன் திங்கிறவளுக்குப் பச்சைக்கடலை எதுக்காம்?" என்றாள் பேச்சியம்மாள். கோமதி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்த வீட்டில் மீன் மணத்ததே இல்லை என்பது ஒவ்வொருவர் மூக்குக்கும் ஞாபகம் வந்தது. தெரிந்த பிறகு யாராவது ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோயிருக்கலாம். ஆனால் கொண்டுபோனால், இத்தனை நாள் தெரியவில்லையா என்று அந்தக் கிண்ணமே கேட்கும். அதனால் எல்லாரும் மூட்டையைக் குனிந்து உடைத்தார்கள். கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

சங்கரி அன்றைக்கு இரண்டு பேருக்கு உலை வைத்தாள். சுரைக்காயை நறுக்கி, உப்பும் தேங்காயெண்ணெயும் போட்டு வேகவைத்தாள். பிள்ளையை இடுப்பிலும் சோற்றுப் பானையை மறுகையிலும் எடுத்துக்கொண்டு, தட்டு இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உச்சிவெயிலில் எல்லாரும் பார்க்க வளவைக் கடந்துபோய்க் கதவைக் காலால் தட்டினாள்.

"பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிரு தாயி" என்றது உள்ளிருந்து குரல். "நான் இனிமே தொட மாட்டேன்."

"தொடச் சொல்லி வரல பெரியம்மா."

"பெறகு என்ன?"

எத்தனையோ மாசமாக அந்த வளவில் யாரும் சொல்லாத வார்த்தை. அது நாக்கில் துருப்பிடித்த மாதிரி இருந்தது.

"சாப்பிட்டீகளா?"

கடலை உடைக்கிற சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றது.

"இப்பதான்..." என்று உள்ளே ஆரம்பித்தது. நின்றது. பிறகு, "இல்ல" என்றது.

கதவு திறந்தது. அடுப்பு குளிர்ந்து, மேலே பல்லி ஓடிக்கொண்டிருந்தது. சங்கரி பானையை இறக்கிவைத்தாள்.

"எனக்குக் கார்த்திகையிலயே தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

"கேட்டா சோறு போடணும்லா" என்றாள் தங்கபுஷ்பம்.

"வயிறு நெறஞ்சா கை போயிரும்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பம் கோபப்படவில்லை. நியாயமான கணக்குதான் என்பது போலத் தலையை ஆட்டினாள். "நான் மட்டும் என்னவாம். நெய்மீன் கொழம்புன்னு சொல்லும்போது எனக்கு மணமே வந்துரும். அதுலயே பாதி வயிறு நெறையும். அன்னைக்கு அது வரல தாயி. மூட்டைதான் பக்கத்துல இருந்துச்சு. ஒரு கைப்பிடி. பிள்ளைக்கு இப்படி ஆகும்னு..."

"நான் திங்கிறது இதுதான். பிள்ளை திங்கிறதும் இதுதான். வேற ஒண்ணும் கெடையாது. காலத்துக்கும் இதுதான்னாலும் இதுதான். திங்கிறீகளா?"

"போடு."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "உப்பு கொஞ்சம் கூட" என்றாள் தங்கபுஷ்பம். "கூடத்தான்" என்றாள் சங்கரி. தங்கபுஷ்பம் மூன்று தடவை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் தடவை வெட்கப்படவும் இல்லை. வெளியே கடலை உடைக்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் வரவில்லை.

அவள் ஆனமட்டும் வழித்துச் சாப்பிட்டுக் கையைத் தட்டின் மேல் வைத்திருந்தபோது, சாக்ஸ் மாட்டிய இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பிள்ளை தவழ்ந்து வந்தது. கன்னத்தில் இன்னும் அந்த இரட்டைக் கடலை மங்கலாக இருந்தது. அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, வாயைத் திறந்தது. தங்கபுஷ்பம் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கியைக் காட்டின மாதிரி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"குடுங்க" என்றாள் சங்கரி.

"வேண்டாம் தாயி."

"குடுங்க பெரியம்மா."

தட்டின் ஓரத்தில் ஏழு பருக்கை ஒட்டியிருந்தது. வீங்கிய விரலால் அதில் ஒன்றை எடுத்து, நசுக்கி, பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பெற்றவள் அல்லாத ஒரு கையிலிருந்து அது தின்ற முதல் சோறு. பிறகு இரண்டு பேரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் படியிலிருந்து இறங்கிப் போனது. சங்கரி கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், மூச்சுக்குக் காதை வைத்துக் கேட்டாள். தங்கபுஷ்பம் சோறு வைத்த கையை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு இறக்கவே இல்லை. பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, முழங்காலை விடாமல், திரும்பவும் வாயைத் திறந்தது.

தட்டில் மீதி ஆறு பருக்கை இருந்தது.